புதிய புள்ளி இல்லை, ஆனால் நடை குறைகிறது: எம்.எஸ். நோயில் நரம்பணுவின் புரதங்கள்

கேள்வி: என் தங்கைக்கு 39 வயது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) என்று கண்டறிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும்; ஸ்டீராய்டு ஏற்றினால் சில வாரங்களில் சரியாகிவிடும். கடந்த 4 ஆண்டுகளாக அப்படி எந்தத் தாக்குதலும் வரவில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் புதிய புள்ளிகள் இல்லை என்கிறார்கள். ஆனாலும் வருடத்துக்கு வருடம் அவள் நடை தளர்கிறது. இப்போது இடது காலை இழுத்து நடக்கிறாள், மதியத்துக்குள் களைத்துப்போகிறாள். "ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது, எல்லாம் மனசுதான்" என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்டு அழுகிறாள். இது மின்கம்பியின் மேலுறை உரிவது போன்ற நோய் என்று முன்பு எங்களுக்கு விளக்கினார்கள். இப்போது நரம்பணுவுக்குள் புரதம் சேர்ந்து அதுவே மூளையைக் கெடுக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் இது அல்சைமர் மாதிரியா? ரத்தத்தில் அந்தப் புரதத்தைப் பார்க்க முடியுமா? சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்க வேண்டுமா? நரம்பிலிருந்து புரதக் கழிவை நீக்கும் என்று விற்கும் மாத்திரைகளை வாங்கலாமா? இதையெல்லாம் அவளிடம் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் உங்கள் தங்கை சொல்வதை நம்புங்கள். வீட்டில் மற்றவர்களையும் நம்பச் சொல்லுங்கள். தாக்குதல் எதுவும் வராமல், ஸ்கேனில் புதிய புள்ளி தெரியாமல், நடை மட்டும் மெல்ல மெல்லக் குறைவது எம்.எஸ். நோயில் நாங்கள் அடிக்கடி காண்பதுதான். தாக்குதல் சாராத நோய் வளர்ச்சி என்று அதற்குத் தனியாகப் பெயரே இருக்கிறது. பைரா என்று சுருக்கிச் சொல்வோம். மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்டுவடத்துக்குள் நிஜமாகவே நரம்பிழைகள் குறைந்துகொண்டு வருகின்றன. அது ஏன் நடக்கிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி நீங்கள் கேட்டிருக்கும் புரதங்களில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மின்கம்பி உவமையை நானும் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. தொடக்கத்தில் அது உதவும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் நுழைந்து, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்குகின்றன. உறை போன இடத்தில் செய்தி தடைபடுகிறது. இதுவரை சரி. ஆனால் மேலுறை போன கம்பி கம்பியாகவே கிடக்கும். நரம்பிழை அப்படி இல்லை, அது உயிருள்ளது. மூளையின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு நரம்பணு, தன் ஒற்றை இழையைத் தண்டுவடத்தின் அடிப்பகுதி வரை நீட்டிவைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அந்த இழையின் நீளம் அரை மீட்டருக்கும் மேல். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அணுவின் உடலில் தயாராகி, அவ்வளவு தூரமும் கடந்து போய்ச்சேர வேண்டும். வழியில் ஆற்றலும் கிடைக்க வேண்டும். மயலினைச் செய்யும் ஒலிகோடெண்ட்ரோசைட் அணுக்களே லாக்டேட்டாக எரிபொருளையும் இழைக்குக் கொடுக்கின்றன என்று 2012-இல் தெரியவந்தது. ஆக, உறை போகும்போது காப்பும் போகிறது, உணவின் ஒரு பகுதியும் போகிறது. கால்களுக்குப் போகும் இழைகள்தான் மிக நீளமானவை. அவ்வளவு நீளத்தில் எங்காவது ஓரிடத்தில் அடிபட்டாலும் முழு இழையும் பாதிக்கப்படும். உங்கள் தங்கைக்குக் கால் தளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எம்.எஸ். நோயை 1868-இல் தெளிவாக விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோவே நரம்பிழைகளின் சேதத்தைக் கவனித்திருக்கிறார். ஆனாலும் அதன் பிறகு நெடுங்காலம் மருத்துவ உலகின் பார்வை உறையின் மேலேயே இருந்தது. 1998-இல் புரூஸ் டிராப் தலைமையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்த ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவில், அழற்சி தீவிரமாக இருந்த புள்ளிகளில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுந்த நரம்பிழைகளை அவர்கள் கண்டார்கள். நோயற்ற மூளையில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவு. நோய் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களின் திசுவும் அதில் இருந்தது. அதாவது, முதல் நாளிலிருந்தே உறையோடு சேர்ந்து இழைகளும் அறுபடுகின்றன. மூளையிடம் மாற்றுவழிகள் நிறைய இருப்பதால் தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. அந்தக் கையிருப்பு தீரும்போதுதான் நடை குறையத் தொடங்குகிறது.

இனி நீங்கள் கேட்ட புரதங்களுக்கு வருகிறேன்.

நரம்பிழையின் மேல் மயலின் உறை இடைவிடாமல் இருப்பதில்லை. நடுநடுவே ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சிறு இடைவெளிகள் விட்டிருக்கும்; ரான்வியர் கணுக்கள் என்று பெயர். மின்துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித்தாவிச் செல்லும், அதனால்தான் அதற்கு அத்தனை வேகம். அந்தத் தாவலை நடத்துபவை சோடியம் வாயில்கள் என்ற புரதங்கள். கணுவில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் என்ற கணக்கில் அவை நெருக்கமாக இருக்கும். உறைக்கு அடியில் 25-க்கும் குறைவு. உறை உரிந்ததும் அங்கே துடிப்பு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான்: திறக்க வாயில் இல்லை.

நரம்பணு இதைச் சும்மா விடுவதில்லை. புதிய சோடியம் வாயில்களைச் செய்து உறையிழந்த பகுதி முழுக்கப் பதித்துவிடுகிறது. துடிப்பு தாவாமல், ஊர்ந்தாவது கடந்துபோகிறது. உங்கள் தங்கைக்கு முன்பு கண் மங்கியபின் பார்வை திரும்பியதே, அதில் வீக்கம் வடிந்ததும் ஸ்டீராய்டும் மட்டுமல்ல, நரம்பணுவின் இந்தச் சொந்த முயற்சிக்கும் பங்கு இருந்திருக்கும். உடம்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் அழகான வேலைகளில் ஒன்று இது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆனால் இதற்கு விலை உண்டு. அப்படிப் பதியும் வாயில்களில் என்ஏவி 1.6 என்ற ஒரு வகை, ஒருமுறை திறந்தால் முழுவதும் மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியத்தைக் கசியவிடும். உள்ளே வரும் சோடியத்தை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு இந்த உப்புக் கணக்கைச் சரிசெய்யவே போகிறது. அழற்சியோ ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுத்து வைத்திருக்கிறது. செலவு கூடி வரவு குறையும்போது சோடியம் உள்ளே தேங்குகிறது. அதே சவ்வில் சோடியம், கால்சியம் பரிமாற்றி என்று இன்னொரு புரதம் உண்டு. சோடியத்தை உள்ளே விட்டு கால்சியத்தை வெளியே தள்ளுவது அதன் வழக்கம். சோடியம் தேங்கிவிட்டால் அது தலைகீழாக ஓடி, சோடியத்தை வெளியே தள்ளக் கால்சியத்தை உள்ளே இழுக்கும். கால்சியம் கூடியதும் கல்பெயின் என்ற நொதி விழித்துக்கொண்டு இழையின் உட்சட்டகத்தை வெட்டத் தொடங்குகிறது. ஸ்டீபன் வாக்ஸ்மன் குழுவினர் 2004-இல் எம்.எஸ். நோயாளிகளின் திசுவைப் பார்த்தபோது, சேதமுற்ற நரம்பிழைகளில் என்ஏவி 1.6 வாயிலும் இந்தப் பரிமாற்றியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

யோசித்துப் பாருங்கள். இங்கே வெளியிலிருந்து எந்த நச்சும் வரவில்லை, நரம்பணு செய்த எந்தப் புரதமும் பழுதானதில்லை. ஒவ்வொன்றும் தன் இயல்பான வேலையைத்தான் செய்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், இருக்க வேண்டிய அளவில் இல்லாமல் போனதுதான் கேடு. எம்.எஸ். நோயில் நரம்பணுப் புரதங்களின் பங்கு என்று நான் புரிந்துகொண்டிருப்பதன் சாரம் இதுதான். நீங்கள் படித்த செய்தியும் இதே வகையைச் சேர்ந்தது.

அந்தச் செய்தி அநேகமாக பாஸூன் என்ற புரதத்தைப் பற்றியதாக இருக்கும். ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்பை சினாப்ஸ் என்கிறோம். செய்தியை அனுப்பும் பக்கத்தில் ரசாயனப் பைகள் ஒழுங்காக நிற்கச் சட்டகமாக இருப்பது பாஸூன். மிகப் பெரிய புரதம் அது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மானுவல் ஃப்ரீஸ் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சிக்கு ஆளான நரம்பணுக்கள் எந்த மரபணுக்களைக் கூடுதலாக இயக்குகின்றன என்று பார்த்தார்கள். எம்.எஸ். போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் பாஸூன் உற்பத்தி கூடியிருந்தது. சினாப்ஸில் இருக்க வேண்டிய அந்தப் புரதம் அணுவின் உடலுக்குள் குவிந்து கிடந்தது. எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுவிலும் அதே குவியல். ஈக்களின் நரம்பணுக்களில் பாஸூனை அளவுக்கு மீறிச் செய்யவைத்தபோது அவற்றின் ஆயுள் குறைந்தது. பாஸூன் மரபணுவை முடக்கிய எலிகளில் அழற்சி வந்தும் நரம்பிழைச் சேதம் குறைவாக இருந்தது. மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே விடை வந்ததால்தான் இந்த ஆய்வுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

அதில் நம்பிக்கை தரும் ஒரு பகுதியும் உண்டு. தேவையற்ற புரதங்களைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒவ்வோர் அணுவுக்குள்ளும் புரோட்டியசோம் என்ற அமைப்பு இருக்கிறது. அதை மருந்தால் ஊக்கியபோது பாஸூன் குவியல் குறைந்தது, நரம்பணுக்கள் அதிகம் பிழைத்தன. ஆனால் இது ஆய்வகத்தில், விலங்குகளில் கண்டது. எம்.எஸ். நோயாளிக்கு இதற்கென்று இன்று மருந்துக்கடையில் வாங்கக்கூடியது எதுவும் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட, புரதக் கழிவை நீக்கும் மாத்திரைகளுக்கும் இந்த ஆய்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள். பணம் போவது ஒருபுறம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், ஏற்கெனவே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவரின் கல்லீரலுக்கு அது கேடு செய்யலாம்.

அல்சைமர் மாதிரியா என்று கேட்டிருந்தீர்கள். புரதம் சேர்கிறது என்றதும் அந்தப் பயம் வருவது இயற்கை. ஒற்றுமை இருக்கிறது: இரண்டிலும் நரம்பணு தன் புரதங்களைச் சரியாக அப்புறப்படுத்த முடியாமல் திணறுகிறது. வேறுபாடு அதைவிடப் பெரியது. எம்.எஸ். நோயில் அழற்சிதான் தூண்டுகோல். புரதக் குழப்பம் அதன் பின்னே வருகிறது. இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலும் தேடிப் படித்தால் இது கண்ணில் படும். எம்.எஸ். புள்ளிகளில் அமிலாய்டு முன்னோடிப் புரதம் சேர்ந்திருப்பதாக எழுதியிருப்பார்கள். இழையின் வழியே போய்க்கொண்டிருந்த அந்தப் புரதம், இழை சேதமானதால் வழியிலேயே நின்றுபோனதற்கான அடையாளம் அது. புதிய சேதத்தைக் கண்டுபிடிக்க நோய்க்கூறு வல்லுநர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அல்சைமரில் அணுக்களுக்கு வெளியே படியும் அமிலாய்டுத் திட்டுகள் வேறு. உங்கள் தங்கைக்கு இருப்பது அல்சைமரின் தொடக்கம் என்று இதை வைத்து முடிவு செய்ய இடமே இல்லை.

புதிய புள்ளி இல்லாதபோது சேதம் மட்டும் எப்படித் தொடரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டுவது, ரத்தத்திலிருந்து எதிர்ப்பு அணுக்கள் புதிதாக உள்ளே பாய்ந்த இடங்களை. பழைய புள்ளிகளின் விளிம்பில், மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா அணுக்கள் ஆண்டுக்கணக்கில் ஓய்வில்லாமல் இயங்குவதையும், உறையிழந்து நிற்கும் இழைகள் ஆற்றலின்றி ஒவ்வொன்றாக வீழ்வதையும் அது அவ்வளவாகக் காட்டுவதில்லை. தலையை மட்டும் ஸ்கேன் எடுத்திருந்தால் தண்டுவடத்தில் இருப்பது அறவே தெரியாது. அண்மையில் தண்டுவட ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை உண்டா? உண்டு. அதுவும் ஒரு நரம்பணுப் புரதம்தான்: நியூரோஃபிலமெண்ட் லைட் செயின். கல்பெயின் வெட்டுவதாகச் சொன்ன உட்சட்டகத்தின் ஒரு பகுதி இது. இழை சிதையும்போது இது மூளைத் தண்டுவட நீரில் கலந்து, அதில் மிகச் சிறு பங்கு ரத்தத்துக்கும் வருகிறது. முன்பு இதை அளக்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். ஒற்றை மூலக்கூறுகளையே எண்ணக்கூடிய கருவிகள் வந்தபின் கையிலிருந்து எடுத்த ரத்தமே போதும். அமெரிக்கப் படைவீரர்களிடம் சேமித்து வைத்திருந்த ரத்தத்தை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், எம்.எஸ். அறிகுறிகள் தோன்றுவதற்குச் சுமார் 6 ஆண்டுகள் முன்பே இந்தப் புரதம் கூடியிருந்தது தெரிந்தது. எப்ஸ்டைன் பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022-இல் நிறுவியதும் இதே சேமிப்பை வைத்துத்தான். அந்தத் தொற்றுக்குப் பிறகே நியூரோஃபிலமெண்டும் ஏறியிருந்தது. நோய் வெளியே தெரியுமுன்னே நரம்பிழைகள் சேதமாகத் தொடங்கிவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் உங்கள் தங்கைக்கு இந்தப் பரிசோதனையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்பேன். இந்தப் புரதம் எம்.எஸ். நோய்க்கு மட்டும் உரியதில்லை. பக்கவாதம், தலையில் அடி, கை கால் நரம்புகளின் பாதிப்பு எதிலும் ஏறும். வயது கூடினால் ஏறும், சிறுநீரகம் மந்தமானால் ஏறும், உடல் எடை அதிகமாக இருந்தால் குறைவாகக் காட்டும். ஒரே ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதில் பயனில்லை. ஒரே ஆய்வகத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் பயன் உண்டு, குறிப்பாக மருந்தை மாற்றும் முன்னும் பின்னும். இன்னொன்று: தாக்குதல் வந்த சமயத்தில் இது பளிச்சென்று ஏறும், உங்கள் தங்கைக்கு நடப்பது போன்ற மெதுவான தேய்மானத்தில் பெரிதாக ஏறாமலும் இருக்கலாம். ஆகவே எண் இயல்பாக வந்தால், அவள் தளர்ச்சி பொய் என்பதற்கு அதை யாரும் ஆதாரமாக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே எம்.ஆர்.ஐ.யை வைத்து அந்தக் கொடுமை நடந்திருக்கிறது. ஜி.எஃப்.ஏ.பி. என்ற இன்னொரு புரதத்தையும் இப்போது அளக்கிறார்கள். அது நரம்பணுவிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் அணுவிலிருந்து வருவது. மெதுவான வளர்ச்சியோடு அதற்குத் தொடர்பு கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

சோடியம் வாயில்தான் காரணம் என்றால் அதை அடைத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். முயன்றார்கள். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து. கண் நரம்பு அழற்சி வந்தவுடன் அதைக் கொடுத்த பிரிட்டன் ஆய்வில், விழித்திரை நரம்பிழைப் படலத்தின் இழப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது, 2016-இல் வெளியானது. ஆனால் நோய் முற்றிய கட்டத்தில் லாமோட்ரிஜின் கொடுத்துப் பார்த்தபோது மூளை சுருங்குவது நிற்கவில்லை. பிரிட்டனிலேயே 445 நோயாளிகளுக்கு அமிலோரைடு, ஃப்ளுவாக்ஸெட்டின், ரிலுசோல் என்ற மூன்று மருந்துகளைத் தனித்தனியே 96 வாரங்கள் கொடுத்துச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு: ஒன்றுகூட மூளைச் சுருக்கத்தைக் குறைக்கவில்லை. நரம்பணுவைக் காக்கும் மருந்தைச் சேதத்தின் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பலன் இருக்கும் என்று இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். எப்படியானாலும், இவற்றை வீட்டில் சுயமாகத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே தளர்ந்த கால்கள் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகளால் இன்னும் தளர்வதை நாங்கள் பார்க்கிறோம்.

ஒரு நரம்பணுப் புரதத்தைக் குறிவைத்து இன்றே கையில் இருக்கும் மருந்தும் உண்டு. கணுவுக்கு அருகே, உறைக்கு அடியில் பொட்டாசியம் வாயில்கள் மறைந்திருக்கும். உறை போனதும் அவை வெளிப்பட்டு மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றன, துடிப்பு வலுவிழக்கிறது. ஃபாம்ப்ரிடின் என்ற மாத்திரை அந்த வாயில்களை அடைக்கிறது. 2010 முதல் அமெரிக்காவில் எம்.எஸ். நோயாளிகளின் நடைக்கென்று அனுமதி பெற்றது. எடுப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நடைவேகம் கூடுகிறது, அப்படிப் பலன் பெறுபவர்களுக்குச் சராசரியாகக் கால் பங்கு அளவுக்கு. நோயை இது நிறுத்தாது. ஆனால் காலை இழுத்து நடப்பவருக்கு அந்தக் கால் பங்கு சிறியதில்லை. சில வாரங்கள் கொடுத்து, முன்னும் பின்னும் நடையை அளந்து, பலன் இருந்தால் மட்டும் தொடரலாம். வலிப்பு வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கூடாது. உங்கள் தங்கையின் நரம்பியல் மருத்துவரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, இப்போது அவள் எடுக்கும் மருந்து இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமா என்பது. தாக்குதல் இல்லை என்பதால் பழைய மருந்தே ஆண்டுக்கணக்கில் தொடர்வது அடிக்கடி நடக்கிறது. மெதுவான வளர்ச்சிக்கென்று சோதிக்கப்பட்டவை சில உள்ளன. தொடக்கம் முதலே மெல்ல வளரும் வகைக்கு 2017-இல் அனுமதி பெற்ற ஓக்ரெலிசுமாப், இயலாமை கூடும் வாய்ப்பை 24 சதவீதம் குறைத்தது. உங்கள் தங்கையினுடையது போல, முதலில் தாக்குதல்களாக வந்து பிறகு மெதுவான வளர்ச்சிக்கு மாறிய வகையில் சிபோனிமோட் 21 சதவீதம் குறைத்தது. அது 2019-இல் வந்தது. இரண்டும் வயது குறைந்தவர்களுக்கும், அழற்சி இன்னும் அடங்காதவர்களுக்கும் கூடுதலாக உதவுகின்றன. இந்த எண்கள் பெரியவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழற்சிதான் புரதக் குழப்பத்தைத் தொடங்கிவைக்கிறது என்று மேலே பார்த்தோம். அதை அடக்குவதுதான் நரம்பணுவைக் காக்க இன்று நம்மிடம் இருக்கும் உறுதியான வழி. மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவளைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். பேச்சை நீங்கள் தொடங்கலாம்.

தளர்ச்சி முழுவதையும் எம்.எஸ். மேலேயே போட்டுவிடவும் கூடாது. அறிகுறி இல்லாத சிறுநீர்த் தொற்று, தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை, கெட்ட தூக்கம், மனச்சோர்வு, தசை இறுக்கத்துக்குத் தரும் மருந்தின் மயக்கம் எல்லாமே காலைக் கனக்கச்செய்யும். இவை சரிசெய்யக்கூடியவை. மனச்சோர்வைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். எம்.எஸ். நோயில் அது மிகச் சாதாரணம், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். அதைக் கவனிப்பதால் அவளுடைய நரம்புச் சேதம் கற்பனை என்று ஆகிவிடாது.

புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தவேண்டும், அது இயலாமையை விரைவுபடுத்துகிறது. வீட்டில் பிறர் புகைத்தால் அவர்களும்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். உடற்பயிற்சியால் நரம்பு தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். களைப்பைக் குறைக்கவும் நடையைக் காக்கவும் அளவான, தொடர்ந்த பயிற்சி உதவுகிறது. இயன்முறை மருத்துவரிடம் காட்டி, இழுக்கும் பாதத்துக்குத் தாங்கி தேவையா என்று பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஈடுசெய்யலாம். மிதமிஞ்சிய அளவு ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவில் புரதத்தைக் குறைக்கவே கூடாது. நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. பாஸூனோ சோடியம் வாயிலோ தட்டிலிருந்து மூளைக்குப் போவதில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. உணவில் புரதம் குறைந்தால் தசை மெலியும், ஏற்கெனவே தளர்ந்த கால் இன்னும் தளரும்.

அவளிடம் சொல்லலாமா என்றீர்கள். சொல்லுங்கள். 11 ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்பவள் அவள். காரணம் தெரியாமல், தன் உடம்பையே சந்தேகிக்கவைக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவளுக்குக் கனம். இந்தப் பதிலை அவளோடு சேர்ந்து படியுங்கள், முடிந்தால் அந்த உறவினர்களும் இருக்கும்போது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள்: போன வருடம் எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிந்தது, இப்போது எவ்வளவு, எத்தனை முறை தடுக்கி விழுந்தாள், எந்த நேரத்தில் களைப்பு தொடங்குகிறது. 25 அடி நடக்க ஆகும் நேரத்தை ஒவ்வொரு வருகையின்போதும் அளந்து பதிவுசெய்யச் சொல்லியும் கேளுங்கள். ஸ்கேன் காட்டாத மாற்றத்தை அந்த எளிய அளவு காட்டும், சிகிச்சையை மாற்றும் முடிவுக்கு அதுவே பெரும்பாலும் அடிப்படையாகிறது.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் மருத்துவர்